மைனஸ் மூன்று

பனாமா விமான நிலையத்தில்
பதின்மூன்று மணி நேரம்.

முதல் மணியில் கடைகள்: செண்ட், தொப்பி, மறுபடியும் செண்ட்.
நான்காம் மணியில்
இருபத்தேழாம் வாயிலுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையே
தரைவிரிப்பில் எத்தனை கட்டம் என்று தெரிந்துபோயிற்று.
ஏழாம் மணியில்
அகலத் துடைப்பம் தள்ளி வந்தவள்
காலைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.
தூக்கினேன்.
சட்டையில் யாரெலிஸ் என்று பெயர்.
ஒன்பதாம் மணியிலும் தூக்கினேன்.
பதினொன்றில் அவள் வளைவில் திரும்பும்போதே
இரண்டு காலும் அந்தரத்தில்.
"தொதவியா?" என்று சிரித்தாள்.
இன்னுமா என்று அர்த்தம்,
அகராதி தேவைப்படவில்லை,
புருவத்திலேயே இருந்தது.

நான் காத்திருந்த பதின்மூன்று மணி நேரம்
என் பைக்குப் போதவில்லை.

பொனேர் தீவில் பெட்டிகள் சுற்றும் பட்டை
ஒரு குழந்தை வண்டியையும்
கயிறு கட்டிய மிக்ஸி அட்டைப்பெட்டியையும்
ஐந்து முறை காட்டிவிட்டு நின்றது.
துடுப்புகள், மூச்சுக்கருவி,
என் கண்ணுக்கென்றே பவர் அரைத்து
ஆறு தவணையில் வாங்கிய நீர்க்கண்ணாடி
எல்லாம் எங்கேயோ.

சியோமாரா கடைக்குள் போய்
ஒரு நீலத் தொட்டியை இழுத்து வந்தாள்.
விட்டுப்போனவர்களின் கண்ணாடிகள்.
முழங்கைவரை கைவிட்டுத் துழாவியபடி
"உன் பவர் என்ன?"
மைனஸ் இரண்டரை.
"மைனஸ் மூன்று இருக்கிறது, துஷி."
(அவர்கள் மொழியில் ருசிக்கும் செல்லத்துக்கும்
அந்த ஒரே சொல்தான்.)
பட்டையின் உட்புறம் மார்க்கரில்
எச் என்று ஓர் எழுத்து.
மூன்று வருடமாகக் கடிதமில்லை, போனில்லை.
அந்த எச்
எந்த ஊரில் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ.

ரிக்னால்ட் வண்டி ஓட்டினான்.
உப்பளம், ரோஜா நிறத் தண்ணீர்,
கூம்பு கூம்பாக வெள்ளை மலைகள்.
கடலோரம் வரிசையாகச் சின்னக் கல்வீடுகள்,
இடுப்புயர வாசல்.
உப்பு சுமந்த அடிமைகள் படுத்த இடம்.
அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அங்கே மட்டும் கியரைக் குறைத்தான்.

மஞ்சள் பூசிய கல் அருகே நிறுத்தி
கதவைப் பூட்டாமல் இறங்கினோம்.
பவளச் சரளைமேல் பின்பக்கமாக நடந்து
இடுப்பு, மார்பு,
பிறகு சத்தமில்லை.
சத்தமில்லை என்பது பொய்.
கிளிமீன்கள் பாறையைக் கடித்து மெல்லும் ஓசை,
யாரோ பக்கத்து அறையில் முறுக்குத் தின்பதுபோல.

அரைப் பவர் கூடுதலான கண்ணாடியில்
எல்லாவற்றுக்கும் விளிம்பு இருந்தது.
கடல்விசிறியின் நரம்பு,
அதைச் சுற்றிய வாலின் நுனி,
விரல் அகலக் கடற்குதிரை ஒன்று
என்னைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டது.
என் கண்ணாடியில் தப்பவிட்டிருப்பேன்.
லேசான தலைவலியோடு
இன்னொருவர் பார்வையைச் செலவழித்தேன்.

ஏறும் வழியில் ஐந்து மீட்டரில்
ரிக்னால்ட் உள்ளங்கையைக் கிடையாக நீட்டினான்.
மூன்று நிமிடம், நில்.
ரத்தத்தில் கரைந்தது நிதானமாக வெளியேறட்டும்.
கீழே வெளிர் மணல்.
பிடிக்க எதுவுமில்லை.
அப்போது திருக்கை ஒன்று
அகலமாக, அவசரமில்லாமல்,
மணலைத் தள்ளித் தள்ளிச் சுத்தம் செய்துகொண்டு
நேராக என் அடியில் வந்தது.

நான் காலைத் தூக்கினேன்.

ரிக்னால்டுக்குப் புரியவில்லை
முகமூடிக்குள் தண்ணீர் புகும் அளவுக்கு
நான் எதற்குச் சிரித்தேனென்று.

கடைசி நாள் முங்கக் கூடாது.
பறப்பதற்கு முன் உடம்பு காய வேண்டும்.
கிளம்பும் காலையில் என் பை வந்து சேர்ந்தது,
எனக்குத் தெரியாத ஊர்களின் ஒட்டுச்சீட்டுகளோடு.
ஒருநாளும் நனையாத என் கண்ணாடியைத் தொட்டியில் போட்டேன்.
எச்சினுடையதையும்.
சியோமாரா மார்க்கரைத் தேடி
என்னுடையதில் மைனஸ் இரண்டரை என்று எழுதினாள்,
பெயர் கேட்கவில்லை.

திரும்பும்போது பனாமாவில் நான்கு மணி நேரம்தான்.
யாரெலிஸுக்கு அன்று ஷிஃப்ட் இல்லை போல.
எதற்கும் இருக்கட்டும் என்று
காலைத் தூக்கியே உட்கார்ந்திருந்தேன்.