பன்னிரண்டு நிமிஷ வெயில்

லீவு இரண்டு நாள்.
முதல் நாள் இரவே தாளுக்குப் பூசிவிட வேண்டும்.
அறைக்குள் மஞ்சள் பல்ப் ஒன்று மட்டும்.
பாசி நிறச் செதில் ஒரு போத்தலில்,
செம்மஞ்சள் உப்பு மற்றதில்.
கொழும்பிலிருந்து மாங்குளம் சந்திக்கு
பஸ் கொண்டக்டர் கையில் வந்த பொதி.
“என்ன பிள்ளை, வயலுக்கு மருந்தோ?”
“இரும்பு அண்ணை.”
சிரித்தார். இங்கே யார் இரும்பைக்
காசு கொடுத்து வாங்குவது.

உண்மைதான்.
கிழமையில் ஐந்து நாள் நான் இரும்பைக் கேட்கிறவள்.
அம்பகாமத்துக் காட்டோரம் ஒரு மீற்றர் அகலப் பாதை,
இரண்டு பக்கமும் சிவப்புத் தலைத் தடி,
முழந்தாளில் நான்.
கருவி கத்தினால் பக்கவாட்டில் கிண்டுவேன்,
மேலிருந்து ஒருபோதும் இல்லை.
ஆணி. ரின் மீன் மூடி.
சைக்கிள் செயினில் ஒரு கண்ணி.
ஆணி.
பெயர் சொல்ல விரும்பாத மற்றதுகள்.
நெஞ்சு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித்தான் அடிக்கும்,
ஆணிக்கும்.

தூரிகையும் என் கையில் அப்படித்தான் போகிறது:
இடமிருந்து வலம், ஓர் அங்குலம் மேலேறி
வலமிருந்து இடம்.
விட்ட இடம் இருக்கக் கூடாது.
“லேனிலை நிக்கிற மாதிரியே பூசுறாய்” என்பாள் யசோமதி.
அடுத்த பாதைக்காரி.
இருபத்தைந்து மீற்றர் தள்ளி அவள் இருமினாலும்
எனக்குத் தெரியும்.

இந்தமுறை ஒரு பொருளோடு வந்தாள்.
களஞ்சியத்தில் கழித்துவிட்ட அவளுடைய முகக்கவசம்,
ஓரம் வெடித்தது,
ஆறு வருஷக் கீறல் முழுக்க.
“இந்தக் கீறலெல்லாம் நீலத்திலை விழுமோ?”
விழும் என்றேன். கண்ணாடி மாதிரித்தானே,
வெயில் ஊடுருவும், கீறல் மட்டும்
வெள்ளைக் கோடாய் நிற்கும் என்று
தெரிந்தவள்போலச் சொன்னேன்.

காலை பத்தரை.
கிணற்றுக்கு அப்பால் நிழலில்லாத இடம்.
தாள், அதன்மேல் கவசம்,
வெற்றிடத்துக்கு இரண்டு வேப்பங்குழை,
காற்றுக்கு நாலு கல்.
மஞ்சள் பச்சையாகி, பச்சை சாம்பலாகி,
விளக்காத செம்புக் குடத்தின் நிறம் வந்ததும்
எடுத்தோம். பன்னிரண்டு நிமிஷம்.
அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணற்றுத் தண்ணீரில் கழுவ முடியாது.
கேத்தில் அடியில் கல்லாய்ப் படிகிற தண்ணீர்.
முதல் செய்த ஏழு படத்தையும் அதுதான் தின்றது,
ஒரு கிழமைக்குள் நீலம் வெளுத்து
சாம்பல் தண்ணீர் தெளித்தது மாதிரி.
மாரியில் தகரத்தால் இறங்கினதை
பரலில் மூடி வைத்திருக்கிறேன்.
பாதித் தேசிக்காயைப் பிழிந்துவிட்டால் போதும்.

தாள் அமிழ்ந்தது. மஞ்சள் கழன்று போகப் போக
நீலம்.
வேப்பிலையின் பல் ஒவ்வொன்றும் இருந்தது.
கவசம் கிடந்த இடத்தில்
கீறல் ஒன்றும் இல்லை.
நெற்றியிலிருந்து நாடிவரை
வெறும் வெள்ளை.

கண்ணுக்குப் போகிற வெளிச்சம் வேறு,
தாளுக்கு வேண்டிய வெளிச்சம் வேறு போலிருக்கிறது.
அந்தப் பிளாஸ்டிக் ஒன்றை விட்டு
மற்றதை மறித்திருக்கிறது,
ஆறு வருஷமாய்,
எங்களிடம் ஒரு சொல் சொல்லாமல்.

யசோமதி ஏமாந்ததாய்த் தெரியவில்லை.
புறங்கையைக் கன்னத்தோடு வைத்துக் காட்டினாள்.
கை, வெயிலில் கிடந்த கை.
முகம் அப்படியில்லை.
“பெண் பாக்க வந்தவை
பவுடர் எண்டெல்லோ நினைச்சவை” என்று
தட்டுத் தண்ணீர் தளும்பச் சிரித்தாள்.
அவளுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது
எனக்கு அன்றுதான் தெரியும்.

வீட்டில் மாட்ட இன்னொன்று வேண்டுமாம்.
பரலைத் தட்டிப் பார்த்தேன்,
ஒரு சாண்கூட இல்லை.
ஐப்பசி வரட்டும் என்றேன்.
கொடியில் சொட்டிக்கொண்டிருந்த வெள்ளை முகத்தை
ஒருதரம் ஊதிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

நாளை நாலே முக்காலுக்கு வாகனம்.