பின்னொளி

முப்பத்திரண்டு பலகைக் கண்ணாடி,
ஒவ்வொன்றும் எட்டடி உயரம்.
கொழும்பில் திறக்கப்போகிற கசினோ ஒன்றின்
சுவர் முழுக்க
விடிகிற நேரத்துக் குளம் வேண்டுமாம்.

ருவந்த அனுப்பிய வரைபடத்தில் தண்ணீர் நீலம்.
இரணைமடு அந்நேரம் நீலமில்லை,
அரிசி கழுவின தண்ணி மாதிரி என்றேன்.
அதை இங்கிலீசில் எப்படி எழுதுவதென்று
யூட் கனநேரம் யோசித்தான்.
பதில் ஒரு வரி:
நீலமே போடுங்கள்.

பரந்தன் சந்தியால் உள்ளே வந்தால் எங்கள் பட்டறை.
மணலைக் காற்றில் ஊதி
நாரை செதுக்குகிறோம்.
முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே இரைச்சல்.
இறகு வர வேண்டுமென்றால்
கண்ணாடி தன் மினுக்கத்தைக் கொஞ்சம் விட வேண்டும்.
ஒரு நொடி கூடினால் ஓட்டை.

ஐந்தாம் பலகையில் நாலு நாரை.
நாலு கூடாது,
விளையாட வருகிற சீனர்களுக்கு
அந்த எண் சாவைப் போல ஒலிக்கும் என்றார் ருவந்த.
எங்களையும் நாலு பேர்தானே தூக்குறது
என்று சிரித்தாள் குணாளினி.
பிறகு குனிந்து
விளிம்பைத் தீட்டத் தொடங்கினாள்.
தூக்க நாலு பேர் இல்லாத நாட்களைப் பற்றி
பட்டறையில் யாரும் கதைப்பதில்லை.
ஐந்தாவது நாரையை
மற்றவற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினேன்.

பூட்டப் போனபோதுதான் கண்டது:
அந்த மண்டபத்தில் ஜன்னல் இல்லை,
மணிக்கூடும் இல்லை.
சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண்,
அதற்குள் லைற் பட்டி.
யூட் ஆளியைத் தட்டினான்.
விடிந்தது.
இரவு பத்தே முக்காலுக்கு
முப்பத்திரண்டு பலகையிலும் ஒரே தரத்தில் விடிந்தது.
நீலம் நல்லாய்த்தான் இருந்தது,
பொய் சொல்லக் கூடாது.

பச்சை மேசையில் சீட்டுக் குலைத்துப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை
நிமிர்ந்து, சிங்களத்தில் கேட்டாள்,
எந்த இடம் இது?
சொன்னேன்.
அங்கே இப்படியா இருக்கும்?
கையில் சிலிக்கன் காய்ந்துகொண்டிருந்தது.
உரித்துக்கொண்டே, இல்லை என்றேன்.

மிஞ்சிய துண்டுகளைக் குணாளினி
பட்டறைக் கூரைக்குக் கீழே
காற்றுக்கு விட்ட ஓட்டையில் பொருத்தினாள்.
மூன்று மணிக்கு நீலம் தரையில்,
நாலரைக்கு என் கணக்குக் கொப்பியில்,
பிறகு யூட்டின் சாப்பாட்டுப் பெட்டியில்.

கடைசித் தவணைக் காசு இன்னும் வரவில்லை.
இந்த மாதமும் வராதென்று
யூட் ஆயிரம் ரூபா கட்டியிருக்கிறான்.
நான்
வருமென்று.