எட்டாயிரத்து நானூறு

ரெலாவ் அடுக்குமாடியின் பதினேழாம் மாடியில்
சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு
ரசீதுகளைப் பரப்பினோம்.
மீன்குழம்பு வாசனை இன்னும் போகவில்லை.
மின்கட்டணத்தின் மூலையில்
மஞ்சளாய் ஒரு விரல் பதிந்தது.
"மஞ்சக் கடுதாசி" என்றேன், வேடிக்கையாக.
தவமலர் சிரிக்கவில்லை.

ஜார்ஜ்டவுனில் கடன் ஆலோசகரைப் பார்க்க
வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.
அதற்குள் பாரத்தை நிரப்ப வேண்டும்:
மாதம் எவ்வளவு வருகிறது, எங்கே போகிறது.
வருவதற்கு இரண்டு வரி போதுமாயிருந்தது.
போவதற்கு
லோகவர்மனின் கணக்கு நோட்டிலிருந்து
நாலு தாள் கிழித்தோம்.

கார், மாதம் ஐந்நூற்றுத் தொண்ணூறு.
எண்ணெய் ஊற்றக் காசில்லாத நாள்களில்
அதைப் பார்த்தபடியே பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
சோபாவுக்கு இன்னும் ஒன்பது தவணை;
நடுவில் அது இப்போதே
எங்கள் வடிவத்துக்குக் குழிந்துவிட்டது.
கூலிமில் ஒரு கல்யாணம், மொய் நூறு.
அவர்கள் நமக்கு நூறு வைத்திருந்தார்கள்,
எண்பது வைக்க எந்தக் கை எழும்?

பிறகு அவள் பேனாவை மூடிவிட்டு
வெகுநேரம் காற்றாடியைப் பார்த்தாள்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டு முடிந்து
தொழிற்சாலை பஸ்ஸில் தூக்கம் வராமல்
கைப்பேசி நேரலையில் வாங்கிய
பதினாறு சேலைகள்.
எட்டு இன்னும் பிளாஸ்டிக் உறையிலேயே.
"அவ என் பேரச் சொல்லிக் கூப்பிடுவா,
இது தவமலர் சிஸ்டருக்குன்னு.
லைன்ல என்னை நம்பராத்தான் தெரியும்."
நான் எழுதினேன்: துணிமணி.

என் முறை.
நாலு நம்பர். புதன், சனி, ஞாயிறு.
எங்கள் கல்யாணத் தேதி,
மகன் பிறந்த நேரம்,
என்னை இடித்துவிட்டுப் போன லாரியின் எண்.
கீழே மின்கம்பத்தில்
'அவசரப் பணமா?' என்று ஒட்டியிருக்கிறானே வட்டிக்காரன்,
அவன் தொலைபேசியின் கடைசி நாலு எண்ணையும்
ஒரு சனிக்கிழமை வைத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு வருடத்தில்
இரண்டே இரண்டு ஆறுதல் பரிசு.
அவள் எழுதினாள்: இதர.
அந்த ஒரு சொல்லில் என்னை மன்னித்தாளா
மடித்து வைத்தாளா, தெரியவில்லை.

அப்புறமும் கணக்கு உதைத்தது.
தொண்ணூற்றைந்து வெள்ளி,
மூன்று வருடமாக, ஒரு மாதமும் தவறாமல்
எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேடினோம்.
பன்னிரண்டே காலுக்கு அகப்பட்டது:
தண்ணீர் வடிகட்டி, வாடகை.
அது போன தீபாவளிக்கு முன்பே கெட்டுப்போய்
இப்போது தலையில் அரிசி டின்னைச் சுமந்துகொண்டு நிற்கிறது.
நாங்கள் குழாய்த் தண்ணீரைச் சுடவைத்துக் குடிக்கிறோம்.
அப்போதுதான் அவள் சிரித்தாள்.
சிரிப்பு இருமலாகி,
இருமல் வேறு என்னவோ ஆவதற்குள்
ஒரு குவளை தண்ணீர் நீட்டினேன்.

கடைசித் தாளில் வங்கி மட்டும்.
தனிநபர் கடன், அதே வங்கியின் அட்டை,
வட்டி, தாமதத்துக்குத் தண்டம்:
தொண்ணூற்றோராயிரத்து அறுநூறு.
ஒரு லட்சத்தைத் தொட்டால்தான்
திவாலாக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போவார்களாம்,
ஷிப்டில் யாரோ சொன்னது.
தவமலர் கழித்துப் பார்த்தாள்.
விரல்விட்டு இன்னொரு முறையும் பார்த்தாள்.
"இன்னும் எட்டாயிரத்து நானூறு இருக்கு" என்றாள்,
சேமிப்புப் புத்தகத்தைப் படிக்கிற குரலில்.

இருக்கு.
இந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டு
எத்தனை மாதமாயிற்று.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த லோகவர்மன்
அறை வாசலிலேயே நின்றிருந்தான்.
"இருக்குன்னா,
ஸ்கூல் பயணத்துக்கு முப்பத்தஞ்சு வெள்ளி கேட்டேனே?"

அவள் என்னைப் பார்த்தாள்.
நான்
இதர என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்தேன்.