இடது மரை

ரப்பர் போன ஆடியிலேயே உதிர்ந்துவிட்டது.
மிச்சம் ஒரு இரும்புக் குச்சி,
செருப்பைக் குதறும்.
இன்று ராத்திரி தண்ணீர் வந்துவிடும் என்று
மேல்மதகு லஸ்கர் தாவீது போன் போட்டான்.
கரைமேல் பன்னிரண்டு கிலோமீட்டர்.
இனியும் தள்ளிப்போட முடியாது.

வலது பெடல் கழன்றது,
கொஞ்சம் முனகிவிட்டு,
பந்தியில் இடம் கிடைத்த சித்தப்பாவைப் போல.

இடதில்தான் எல்லாம்.
கிராங்கைச் சணல் கயிற்றால் பிரேமோடு கட்டினேன்.
பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர்.
மண்ணெண்ணெய், பிறகு தேங்காயெண்ணெய்,
பிறகு அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சி.
ஸ்பேனர் வாலில் போர்செட் பைப்பைச் செருகி
அதன்மேல் ஏறி நின்றேன்.
எழுபத்திரண்டு கிலோ அரசு ஊழியன்
அந்தரத்தில் ஆட,
சாய்ந்தது சைக்கிள்தான்.

கடல் இங்கிருந்து எட்டு மைல்.
உப்புக்காற்று எதையும் அறுத்துவிடுவதில்லை;
நட்டை போல்ட்டோடு, பூட்டை நாதாங்கியோடு
ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும்.

அடப்பாற்றில் ஏழு கண் மதகு என் பொறுப்பு.
பலகை ஏற எத்தனை சுற்று, இறங்க எத்தனை,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
பத்தொன்பது வருஷம் திருகிச் சம்பளம் வாங்கியவனுக்கு
விரல் தடிமன் மரை ஒன்று அடங்கவில்லை.

எறா உரித்த கையோடு வந்து நின்றாள் ஜெயக்கொடி.
"எந்தப் பக்கம் திருப்புறீங்க?"
எல்லாரும் திருப்புற பக்கம்தான்.
"டேபிள் ஃபேன் இறக்கையக் கழுவியிருக்கீங்களா
ஒரு நாளாச்சும்?
அந்த மூடி ஏறுமாறாத்தான் கழலும்.
இதுவும் அப்படியோ என்னவோ."

கழுவியதில்லை.

ஒன்றரை மணி நேரமாக
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.
எண்ணெய் விட்டு, கஞ்சி வார்த்து,
முழு எடையையும் போட்டு.
அவள் அண்ணனிடம் நான் பேசப் போனதும்
சமாதானத்துக்குத்தான்.
மூன்று வருஷமாகிறது
அவள் பிறந்த வீட்டு வாசலை மிதித்து.

எதிர்ப்பக்கம் ஏறி மிதித்தேன்.
டக்கென்றது.
கணுக்கால் தோல் கிராங்கோடு போனது.
அப்புறம் இரண்டு விரலே போதும்.
உள்ளே மரை
கடையில் வாங்கிய அன்று போலவே மினுங்கியது.
அவள் அதைப் பார்க்கவில்லை,
எறாவைப் பூனை பார்த்துவிட்டது.

பதினொன்றே கால்.
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாய்
தண்ணீர் வந்து பலகையில் முட்டி நின்றது.
சக்கரத்தில் கைவைத்தவன்
ஒரு கணம்,
எந்தப் பக்கம் என்று யோசித்தேன்.
தண்ணீருக்கு என்ன,
காத்திருந்தது.