நானூற்றுப் பதினெட்டு

நாற்பத்தொன்று ஜூனில்
லிஸ்ஸுவை ஓட்டிப்போனார்கள்.
வயது ஏழு, செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளை.
குளம்பில் நானூற்றுப் பதினெட்டு என்று சுட்டு
என் கையில் ரசீது கொடுத்தார்கள்.
உர்ஹோவைக் கூட்டிப்போனபோது
அதுவும் கிடையாது.

நாற்பத்துநான்கு நவம்பர். ஈசல்மி ரயிலடி.
இறங்கியது வேறொரு குதிரை,
கறுப்பு, விலா எண்ணலாம்.
எழுத்தர் தலை தூக்கவில்லை:
"குதிரைக்குக் குதிரை, அம்மா. கையெழுத்து."
போட்டேன்.

உர்ஹோவும் வந்திருந்தான், எட்டு விரல்களோடு.
அடுப்பைப் பார்த்தபடியே
குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தான்.
இவனும் மாறி வந்தவன்தானோ
என்று யாரிடம் கேட்பது.

மே மாதம். வேலி மூலையில் கலப்பை சிக்கியது.
பின்வாங்கச் சொன்னேன், கெஞ்சினேன், வைதேன்.
எங்கள் மொழி அதற்குப் புரியவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது.
இரண்டு கோடை இங்கே உருளைக்கிழங்கு தோண்டிய கைதி,
இடக்கைக்காரன், ஸ்தெபான் என்று பெயர்,
குதிரை இல்லாத வண்டிக்குப் பசுவைப் பூட்டித்
திருப்பும்போதெல்லாம் சொல்வானே ஒரு சொல்.

சாலையைப் பார்த்தேன். யாருமில்லை.
மெல்லச் சொன்னேன். அசையவில்லை.
அடிவயிற்றிலிருந்து சொன்னேன்:
"நஸாத்!"

உடனே நகர்ந்தது பின்னால்,
ஒரு அடி, இன்னொரு அடி,
இத்தனை நாள் இதற்காகவே காத்திருந்ததுபோல.

வீட்டுக்குள் நாற்காலி விழுந்தது.
ஜன்னலில் உர்ஹோ.
அவன் கை தோளில் துழாவிக்கொண்டிருந்தது,
அங்கே இல்லாத துப்பாக்கியை.

"குதிரைக்கு," என்று கத்தினேன்,
"குதிரைக்குத்தான் சொன்னேன்!"