அழிக்க வேண்டாம்

இருபத்து மூன்று பேர் வந்தார்கள்.
பெயரட்டை அடித்தது, சோக்குப் பெட்டி எண்ணியது நான்.
உயர்தரத்தில் இணைந்த கணிதம்: எனக்கு எஸ்.
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மண்டபத்துக்குப் பண்ணைக் கடல் பார்த்த யன்னல் மூன்று.
உப்புக் காற்றில் சோக்கு நனைந்து
எழுத எழுத வழுக்கியது.
முதல்நாள் முழுக்க அதைத்தான் விவாதித்தார்கள்,
ஐந்து நாட்டு ஆங்கிலத்தில்.

தேநீர் வேளையில் கலாநிதி யசோதினி
எனக்காகத் தமிழாக்கினா:
தொடை. எல்லை. அயல்.
"ஒரு புள்ளிக்கு எத்தனை அயலும் இருக்கலாம்."
எனக்கிருப்பது ஓர் அயல்.
அவரோடும் எல்லை வழக்கு, மல்லாகத்தில்,
பதினொரு வருடம்.
இரண்டடி வேலி.
அதற்கும் ஏதாவது தேற்றம் இருக்குமோ என்றேன்.
சிரித்தா. பிறகு சிரிக்காமல் யோசித்தா.

நாலாம் நாள் நிறுவல் நின்றுபோனது.
மாத்தறைத் தினுஷ்க, றோல்ஸைக் கடிக்காமலே
கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தான்.
மின்சாரம் போனது; ஒருவரும் அசையவில்லை.
வெளிச்சத்துக்கு யன்னல் திறந்தேன்.
கடலில் கம்புகள் தெரிந்தன.

சிலி நாட்டு இக்னாசியா கேட்டா: அது என்ன?
மீன்பிடிக்கிற அடைப்பு என்றேன்.
வேலியைத் தொட்ட மீன் திரும்பாது,
வேலியோடேயே போகும்,
போய்ப் போய் உள்ளறைக்குள் விழும்.
வந்த வாசல் அங்கேயே இருக்கும்,
மீனுக்குத் தெரியாது.
அவ நெடுநேரம் பார்த்தா.
எனக்கு நெஞ்சு படபடத்தது:
என் மீன் ஒன்று தேற்றத்துக்குள் போகப்போகிறது.

அடுத்தநாள் சொன்னா,
அதற்கும் இதற்கும் ஒரு தொடர்புமில்லை.
இரவு சாப்பிட்ட ஓரா மட்டும் நல்ல உருசி.

போகும்போது கடைசிப் பலகையின் மூலையில்
தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள்:
அழிக்க வேண்டாம்.
எழுதினேன்.
இந்த மண்டபத்துப் பலகையில்
என் எழுத்து முதல் தடவை.

இருபது நாள். கூட்டுகிற பவளராணி
அந்தப் பக்கம் தும்புத்தடி காட்டவில்லை.
திங்களன்று புள்ளிவிபரக்காரர் வருகினம்.
எழுதிக் கேட்டேன். மறுமொழி ஒரு வரி:
"அழியுங்கோ. மூன்றாம் வரி பிழை."

ஈரத் துணியோடு நின்று
மூன்றாம் வரியை மூன்று தரம் வாசித்தேன்.
பிழை தெரியவில்லை.
மற்றதெல்லாம் துடைத்தேன், என் எழுத்து உட்பட.
பிறகு றோல்ஸ் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில்
அந்த வரியைப் பார்த்தெழுதி,
மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு,
அதையும்.