எஃப் வராத கிட்டார்

ராமநாதபுரம் கேணிக்கரையில்
ஒரு பழைய இரும்புக் கடை.
ஓடாத ஃபிரிட்ஜுக்கும் கருகின மோட்டாருக்கும் நடுவில்
கழுத்தில் சணல் கயிற்றோடு நின்றது.
கடைக்காரர் தராசில் வைத்தார்.
முள் இரண்டைத் தொடவில்லை.
"கிலோவுக்குப் போட்டா எனக்கு நஷ்டம்,
ஆயிரத்து எண்ணூறு குடு."
தடைக்காலம், நண்டு கம்பெனியில் பாதிச் சம்பளம்.
நூறு குறைத்தேன்.
பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்கள்.

தங்கச்சிமடம் வந்து வெளிச்சத்தில் பார்த்தால்
பாலம் தூக்கியிருக்கிறது.
கம்பிகளைப் பிடித்து நிற்கும் அந்தக் கட்டைக்கு
பாலம் என்றுதான் பேர் என்றான் ஜஸ்லின்.
எங்கள் பக்கத்தில் பாலம் தூக்குவது அதிசயமா?
கப்பல் வந்தால் தூக்கும், போனால் இறங்கும்.
இது எந்தக் கப்பலுக்கோ
நாற்பது வருடமாகத் திறந்தபடி.

ஜஸ்லின் போட் எஞ்சின் மெக்கானிக்.
அவனிடமும் ஒன்று உண்டு,
மண்டபத்திலிருந்து மாற்றலாகிப் போன யாரோ
விட்டுவிட்டுப் போனது, வயிறு உப்பினது.
அதன் பாலத்தில் துரு ஏறாத போல்ட் இரண்டு இறக்கி
உள்ளே வாஷர் வைத்து முடுக்கியிருக்கிறான்.
"கடல்ல போட்டாலும் கழலாது."
சத்தம் எப்படிடா?
"அது கொஞ்சம் தண்ணிக்குள்ளருந்துதான் வரும்."

நான் வல்லத்தில் ஓட்டை அடைக்கிற பிசினை ஊற்றி
மேலே ஐந்து கிலோ எடைக்கல் வைத்து
இரண்டு ராத்திரி விட்டேன். ஒட்டிக்கொண்டது.
கச்சான் காற்றுக்குப் பதினைந்து நாளில் கம்பி துருவேறும்.
நண்டுத் தண்ணீர் ஊறிய என் விரலுக்குப்
பத்து நாள் போதும்.
மெல்லிய கம்பி அறுந்தபோது தங்கூசி கட்டினேன்.
ஊளி இழுத்தாலும் அறாது,
பாடச் சொன்னால் பாடாது.

ஒருநாள் பவுடர் டப்பாக் கண்ணாடியை
ஓட்டைக்குள் விட்டு, செல்போன் விளக்கடித்துப் பார்த்தேன்.
லேபிளில் பூச்சி தின்றது போக "கல்கத்" மட்டும்.
பக்கத்தில் பென்சிலில், லிகோரி, பாம்பன், 88.
சற்றுத் தள்ளி நீல மையில், ஹமீது சுல்தான், கீழக்கரை,
ஐந்து இலக்கத்தில் ஒரு போன் நம்பர்.
மூன்றாவது பேர் படிக்க முடியவில்லை,
கீழே விலை மட்டும் தெளிவாக: 350.

ஜி வரும். சி வரும். டி முனகிக்கொண்டே வரும்.
எஃப் மட்டும் வராது.
ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து
நண்டு ஓடு உடைக்கிற அழுத்தம் கொடுத்தாலும்
ஈரச் சாக்கைத் தட்டுகிற சத்தம்.
விரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பாம்பனில் மூன்று லிகோரி.
ஒருவர் இறந்துவிட்டார், ஒருவருக்குக் காது கேட்காது.
மூன்றாமவர் டீசல் பங்கில் பில் போடுகிறார்.
உறையைப் பிரிப்பதற்குள் கேட்டார்,
"எஃப் வருதா?"
வரல என்றேன்.
சிரித்த சிரிப்பில் பில் புத்தகம் கீழே விழுந்தது.
"எனக்கும் வரல. அதனாலதான் ஹமீதுக்குத் தள்ளிவிட்டேன்.
ஒரு வாரத்துல கார்டு போட்டான்,
எஃப் எங்கடான்னு."

ஞாயிறு பூசையில் எஃப் வருகிற இடங்களில்
நான் கையைத் தூக்கிவிடுவேன்,
கிளமெண்டின் கீபோர்டு பார்த்துக்கொள்ளும்.
போன வாரம் காணிக்கைப் பாட்டில்
சரியாக அந்த இடத்தில் கரண்ட் போனது.
ஃபேன் இறக்கை சுற்றி ஓய்கிற நேரம்தான்.
விரலைப் படுக்கவைத்தேன்.
வந்தது.
தங்கூசி ஊமையாக,
நாலாவது கம்பி அலுமினியத் தட்டில் நண்டு நகர்கிற மாதிரி,
ஆனாலும் வந்தது.
யாரும் கவனிக்கவில்லை.
பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.
மூன்றாம் வரிசையில் ஒரு நரைத்த தலை மட்டும்
சடாரென்று திரும்பியது.

பூசை முடிந்து வாசலில்
செருப்பைத் தேடுகிற பாவனையில் கேட்டார் லிகோரி,
"என்ன வெலைக்குக் குடுப்ப?"
கிலோவுக்கா மாமா, என்றேன்.